குன்றுக்கு அந்தப் பக்கம்

போய் விழும் இடம் கண்ணுக்குத் தெரியாதபோது பந்தை எதற்காக அடிக்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நானும் என் கல்லூரி நண்பனும் இரண்டு வருடமாக வாட்ஸப்பில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். அவன் அயர்லாந்தில், லிமெரிக்கில் இருக்கிறான். நான் சென்னையில். கோல்ஃபைப் பொறுத்தவரை எனக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது. நின்ற இடத்திலிருந்து கொடி தெரிய வேண்டும். எங்கே மணல் பள்ளம், எங்கே தண்ணீர், எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டு, ‘சரி, இப்போது அடி பார்ப்போம்’ என்று கூப்பிடுகிற குழிதான் நியாயமான குழி. (அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கொடி நட்ட ஓட்டை வரைக்கும் உள்ள பாதை முழுவதையுமே கோல்ஃபில் குழி என்றுதான் சொல்வார்கள்.) மறைத்து வைத்துக்கொண்டு அடிக்கச் சொல்வது, கேள்வித்தாளைக் கொடுக்காமல் விடை எழுதச் சொல்வது மாதிரி. இந்த எண்ணத்தோடுதான் ஒரு மே மாதம் அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் இருக்கும் லஹிஞ்ச் மைதானத்துக்குப் போனேன். அங்கே ஐந்தாவது குழியில் நடந்தது மொத்தம் பத்து நிமிஷச் சமாச்சாரம். அது என்னை இன்னும் விடவில்லை.

இந்த அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அது என் வேலையில் போய் நிற்கிறது. நான் இருப்பது சரக்கு அனுப்பும் தொழிலில். ரோட்டர்டாமில் ஏற்றிய கன்டெய்னர் இந்த நிமிஷம் எந்தக் கடலில் இருக்கிறது, கொழும்பில் எத்தனை நாள் நிற்கும், காட்டுப்பள்ளிக்கு என்றைக்கு வரும் என்று யார் எப்போது கேட்டாலும் சொல்ல வேண்டும். இருபது வருடமாக இதையே செய்ததில், எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதே ஒரு குற்றம் என்று மனசு பழகிவிட்டது. மகள் வரும் பஸ் எந்த சிக்னலில் நிற்கிறது என்பதைக்கூட போனில் பார்த்துக்கொண்டிருப்பேன். கோல்ஃப் மைதானத்துக்குப் போகும்போது பையில் மட்டைகளுக்கு முன்னால் நான் எடுத்து வைப்பது லேசர் தூரமானியை. கொடியைக் குறிபார்த்துப் பொத்தானை அழுத்தினால் 147 யார்டு, 162 யார்டு என்று சொல்லிவிடும்.

லிமெரிக்கிலிருந்து லஹிஞ்சுக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். என்னிஸ் தாண்டியதும் சாலை ஒடுங்கி, கல்லைக் கல்லின்மேல் அடுக்கிய குட்டைச் சுவர்கள் இரண்டு பக்கமும் கூடவே வருகின்றன. என்னிஸ்டைமனில் ஊர் நடுவிலேயே ஆறு பாறைப் படிகளில் இறங்கி ஓடுகிறது. அங்கே நிறுத்தி ஒரு காபி குடித்தோம். அப்புறம் சில நிமிஷங்களில் அட்லாண்டிக் கடல். லஹிஞ்ச் சின்ன ஊர். ஒரு முக்கியத் தெரு, கடலைத் தடுக்கும் சுவர், அலைப்பலகையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு கறுப்பு ரப்பர் உடையில் நடமாடும் பிள்ளைகள். 1890களின் தொடக்கத்தில் லிமெரிக்கில் முகாமிட்டிருந்த பிளாக் வாட்ச் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் அதிகாரிகள் இங்கே வந்து மணல்மேடுகளைப் பார்த்தார்கள். 1892இல் கோல்ஃப் கிளப் உருவானது. 1894இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து மூத்த டாம் மாரிஸ் என்ற பேர்பெற்ற மைதான வடிவமைப்பாளரை வரவழைத்துக் குழிகளை அமைத்தார்கள். அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது.

இந்த மாதிரி கடலோர மணல்மேட்டு மைதானங்களுக்கு லிங்க்ஸ் என்று பெயர். லிங்க்ஸ் என்றதும் இணைப்பு என்றே பலர் நினைக்கிறார்கள், நிலத்தையும் கடலையும் இணைக்கிற இடம் என்று விளக்கமும் சொல்வார்கள். அது மேடு, வரப்பு என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. கடல் ஒதுக்கிய மணலைக் காற்று அள்ளிக் குவித்து, அதன்மேல் புல் பிடித்து, உழவுக்கும் ஆகாமல் வீடு கட்டவும் ஆகாமல் கிடக்கும் நிலம். சங்கப் பாட்டின் நெய்தல் நிலத்தில் ‘எக்கர்’ என்று ஒரு சொல் வரும், அலை கொழித்துச் சேர்த்த மணல்மேடு. லஹிஞ்சின் முதல் மேட்டைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வந்தது. ஆனால் நம் எக்கரில் ஞாழலும் புன்னையும் நிற்கும். இங்கே மரமே கிடையாது. மாரம் என்கிற முரட்டுப் புல் இடுப்பளவுக்கு வளர்ந்து மணலைப் பிடித்துவைத்திருக்கிறது. ஆடும் பாதையில் இருப்பது ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல். அடியில் மணல் என்பதால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் உடனே இறங்கிவிடும். காலை வைத்தால் தரை பாய் விரித்த சிமெண்ட் போல இறுகலாக இருக்கிறது.

பட்டரை எடுங்கள்

எங்களோடு ஆட நண்பனுக்குத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், பக்கத்து ஊர்க்காரர், பத்து வயதிலிருந்து இந்த மணலில் திரிந்தவர். என் மட்டைப் பையைச் சுமந்து வழி சொல்ல ஒரு பெரியவரை ஏற்பாடு செய்திருந்தான் நண்பன். வெளியூர்க்காரர்கள் இங்கே ஒரு சுற்று ஆட நூற்றுக்கணக்கான யூரோ ஆகும். அவ்வளவு கொடுத்து வந்துவிட்டு, வழி தெரிந்த ஆள் இல்லாமல் இறங்குவது வீண் என்று அவன் பிடிவாதமாகச் சொன்னான். அது உண்மை. பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி என் ஹேண்டிகேப், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண், எவ்வளவு என்பதில்லை. “பந்து உயரமாகப் போகுமா, தாழ்வாகப் போகுமா?” என்றார். உயரமாக என்றேன். வானத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

காற்றைப் பற்றிப் படித்திருந்தேன். படித்தது வேறு, அது காதுக்குள் புகுந்து பக்கத்தில் நிற்பவர் பேசுவதைக்கூடத் தின்றுவிடுவது வேறு. முதல் குழியில் கிரீனுக்கு, அதாவது ஓட்டையைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, இன்னும் முப்பது யார்டு இருந்தது. நம்மூரில் என்றால் யோசிக்கவே வேண்டாம். வெட்ஜ் என்ற மட்டையை எடுத்துப் பந்தைத் தூக்கிப் போட்டால் மெத்தென்று விழுந்து இரண்டடி உருண்டு நிற்கும். அப்படியே செய்தேன். பந்து எழும்பியது, காற்றில் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது, பக்கவாட்டில் நகர்ந்து போய்ப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாவது குழியிலும் கிட்டத்தட்ட அதே இடம், அதே தூரம். வெட்ஜுக்குக் கை நீட்டினேன். பெரியவர் பட்டரைக் கொடுத்தார், கிரீனில் பந்தை உருட்டுவதற்கான மட்டையை. கிரீனுக்கு வெளியே, அதுவும் அவ்வளவு தூரத்திலிருந்து பட்டரா என்று பார்த்தேன். “இந்தத் தரையை நம்புங்கள்” என்றார். அடித்தேன். பந்து தரையோடு ஓடி, ஒரு மேட்டில் ஏறி, இடது பக்கம் சரிந்து, நான் நினைத்தே பார்க்காத வளைவில் திரும்பி, குழிக்கு நாலடியில் போய் நின்றது. அந்த ஓட்டத்தை எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. ஆகாயத்தில் போகும் பந்துக்கு ஒரே ஒரு முடிவுதான் இருக்கிறது. தரையில் ஓடும் பந்து ஒவ்வொரு அடியிலும் எதையோ முடிவு செய்துகொண்டு போகிறது. கோல்ஃப் பந்தை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தூரத்தில் மணல்மேட்டில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. லஹிஞ்சின் சின்னமே ஆடுதான். கிளப்பில் ஒரு பழைய வானிலைமானி இருக்கிறது, முள் இல்லாதது, ‘ஆடுகளைப் பாருங்கள்’ என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆடுகள் கட்டடத்தை ஒட்டி வந்து ஒதுங்கினால் மழை, மேட்டில் மேய்ந்தால் நல்ல நாள். அன்றைக்கு நன்றாக மேலே இருந்தன.

நாலாவது குழியின் பெயர் க்ளோண்டைக். பார் ஐந்து, அதாவது ஐந்து அடியில் முடிக்க வேண்டிய குழி. முதல் அடி இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவிலுள்ள ஒடுக்கமான பள்ளத்தாக்கில். அதைத் தாண்டிப் போய் நின்றால், ஆடும் பாதைக்குக் குறுக்கே ஒரு குன்று நிற்கிறது. ஓரமாக இல்லை, நடுவில். அதற்கு மேலே அடிக்க வேண்டும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று ஒன்றும் தெரியாது. குன்றின் உச்சியில் ஒரு ஆள் நிற்கிறார், பாதை காலியா என்று கொடியை அசைத்துச் சொல்வதற்கு. அந்தப் பக்கம் பதினெட்டாவது குழிக்காரர்கள் குறுக்கே வருவார்கள் என்பதால் அந்த ஏற்பாடு. கொடி அசைந்தது, அடித்தேன், பந்து மறைந்தது. நண்பன் பக்கம் திரும்பி, “என்னடா இது, குருட்டாம்போக்கில அடிக்கிறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, “இரு மச்சான், இது டிரெயிலர்தான்” என்றான்.

வெள்ளைக் கல்

ஐந்தாவது குழி, டெல். பார் மூன்று, பின் டீயிலிருந்தே, அதாவது முதல் அடியை அடிக்கும் மேடைகளில் கடைசியாக இருப்பதிலிருந்தே, நூற்றைம்பது யார்டை ஒட்டித்தான் இருக்கும். ஸ்கோர் அட்டையில் பார்த்தால் மிகச் சாதாரணம். டீயில் ஏறி நின்றால் எதிரே ஒரு புல் மூடிய மணல் குன்று. அவ்வளவுதான். கொடி இல்லை, கிரீன் இல்லை, கிரீனின் விளிம்புகூட இல்லை. குன்றின் முகத்தில், பாதி உயரத்துக்கு மேலே, வெள்ளையடித்த ஒரு கல். அன்றைக்குக் குழியை எங்கே வெட்டியிருக்கிறார்களோ அதற்கு நேராக அந்தக் கல்லை நகர்த்தி வைப்பார்கள். இன்னொரு குன்று பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், தொட்டிலில் குழந்தை கிடக்கிற மாதிரி கிரீன் கிடக்கிறது. அகலம் உண்டு, ஆழம் கிடையாது.

நான் பழக்கத்தில் லேசரை எடுத்துக் கண்ணில் வைத்தேன். குறிபார்க்க என்ன இருக்கிறது? கல்லைப் பார்த்து அழுத்தினேன். 109 என்று காட்டியது. பெரியவர் பக்கத்தில் வந்து எண்ணைப் பார்த்தார். “கல்லுக்கு அளந்தால் பந்தும் கல்லுக்குத்தான் போகும்” என்றார் மெதுவாக. நண்பனின் கைக்கடிகாரம் கிரீன் நடுவுக்கு 138 என்று சொல்லியது. பெரியவர் அதையும் கேட்டுக்கொண்டு, காற்றைக் கன்னத்தில் வாங்கிப் பார்த்து, ஏழாம் நம்பர் மட்டையைக் கையில் கொடுத்தார். முன்னால் ஆடியவர்கள் கிரீனைவிட்டு வெளியே வந்து கையைத் தூக்கும் வரை காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் நான் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பறவை எச்சம், ஒரு ஓரத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து சாம்பல் நிறம் தெரிந்தது. நூற்று முப்பது வருடமாக, எத்தனையோ பேர் இதே மாதிரி ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

அடித்தேன். அந்த நாளின் மிகச் சுத்தமான அடி அதுதான். கையில் அதிர்வே இல்லை. பந்து நேராகக் கல்லுக்கு மேலே ஏறி, குன்றின் முடியைத் தாண்டி, மறைந்தது. சத்தம் இல்லை. விழுந்த சத்தம்கூட இந்தப் பக்கம் வரவில்லை. ஆசிரியர் “அழகு” என்றார். பிறகு அவர் அடித்தார், கல்லுக்குக் கொஞ்சம் வலது பக்கம், அதுவும் மறைந்தது. கடைசியாக நண்பன். அவன் பந்து கல்லைவிட்டு நன்றாக இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. மூன்று பேருமே பார்த்தோம். “போச்சு” என்று தமிழிலேயே சொன்னான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பல தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மட்டையைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தோம். குன்றின் நிழலுக்குள் வந்ததும் காற்று அப்படியே நின்றது. காலையிலிருந்து காதில் இரைந்துகொண்டிருந்த ஒன்று சட்டென்று இல்லாமல் போனதும், புல் உரசும் சத்தம், எங்கள் காலடி, பையில் மட்டைகள் ஒன்றோடொன்று முட்டுவது எல்லாம் கேட்டன. உப்பும் ஈர மணலும் கலந்த வாசனை. யாரும் பேசவில்லை. என் பந்து குழிக்குப் பக்கத்தில் கிடக்கலாம், குழிக்குள்ளேயேகூட இருக்கலாம், காணாமலும் போயிருக்கலாம். எல்லாமே அந்த நிமிஷத்தில் சமமாக உண்மை. குன்றைச் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதையின் கடைசி இருபது அடி வந்தபோது நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஓடுகிறேன் என்பது திரும்பினபோதுதான் தெரிந்தது. மற்ற மூன்று பேரும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

கிரீனில் இரண்டு பந்துகள் இருந்தன. ஒன்று ஆசிரியருடையது, வலது கோடியில். இன்னொன்று குழியிலிருந்து ஆறடியில். கிட்டே போய்க் குனிந்து அடையாளம் பார்த்தேன். நண்பனுடைய பந்து. இடது பக்க மணல் சரிவில் பட்டுத் திரும்பி உருண்டு வந்திருக்க வேண்டும். என் பந்து எங்கேயும் இல்லை. தேட மூன்று நிமிஷம்தான் அனுமதி. பின்குன்றின் சரிவில், இடுப்பளவு புல்லுக்குள் கையை விட்டுத் துழாவி, பெரியவர்தான் கண்டுபிடித்தார். வெளியே எடுக்கவே இரண்டு தடவை அடிக்க வேண்டியிருந்தது. நான் ஐந்தில் முடித்தேன். நண்பன் இரண்டில்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. உலகத்தில் எதுவும் இப்படி இருக்கக் கூடாது என்று தோன்றியது. ஆறாவது டீக்கு நடக்கும்போது ஆசிரியரிடம் கேட்டேவிட்டேன், இந்தக் குழி உங்களைத் தொந்தரவு செய்வதில்லையா என்று. அவர் பதில் சொல்வதற்குள் பெரியவர், “வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் ஓடுவார்கள்” என்றார். பையைத் தோள் மாற்றிக்கொண்டு, “உங்களை மாதிரிதான். அந்தக் கடைசித் திருப்பத்தில். வேறு எந்தக் குழியிலும் யாரும் ஓடிப் பார்த்ததில்லை” என்றார். ஆசிரியர் தன் வலது முழங்காலைத் தட்டிக் காட்டினார். “நான் நடப்பது இதற்காகத்தான்.”

நான் கேட்டதற்கு அது பதிலா என்று அப்போது புரியவில்லை. மீதிக் குழிகளை ஆடி முடித்து, குளித்து, சூப் குடித்து, காரில் திரும்பும்போது என்னிஸ் தாண்டி எங்கேயோதான் உறைத்தது. நான் கடைசியாக எதையாவது பார்க்க ஓடியது எப்போது? வயது நாற்பத்தெட்டு. பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறேன், விமானத்துக்கு ஓடியிருக்கிறேன், ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை, தெரிந்துகொள்ளும் ஆவலில் மட்டும் ஓடியது பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவை ஒட்டிய பலகையை நோக்கித்தான். அந்தப் பலகையும் இப்போது இல்லை. மகளுக்கு மார்க் போனில் வருகிறது.

மெக்கன்ஸி தொடாத குழி

ஊருக்குத் திரும்பியதும் டெல்லைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மூத்த டாம் மாரிஸ் காலத்தில் மண்ணை நகர்த்த இயந்திரம் கிடையாது. மணல்மேடு எங்கே இடம் விட்டதோ அங்கேதான் குழி. இரண்டு மேட்டுக்கு நடுவே இயற்கையாகச் சமதளம் கிடைத்தால் அது கிரீன். குறுக்கே குன்று இருந்தால் அதைத் தாண்டி அடிக்க வேண்டியதுதான். அதனால் அந்தக் காலத்தில் மறைவுக் குழிகள் ஏராளம். அப்புறம் புல்டோசர் வந்தது, ரசனையும் மாறியது, ஒவ்வொன்றாக இடித்துத் திருத்தினார்கள். 1927இல் லஹிஞ்சைத் திருத்தி அமைக்க வந்தவர் அலிஸ்டர் மெக்கன்ஸி, பின்னாளில் அமெரிக்காவில் பாபி ஜோன்ஸ் என்ற ஆட்டக்காரரோடு சேர்ந்து அகஸ்டா நேஷனல் என்ற புகழ்பெற்ற மைதானத்தை அமைத்தவர். அடிப்படையில் மருத்துவர், போயர் யுத்தத்தில் பணியாற்றியபோது எதிரிகள் பதுங்குகுழிகளை மறைக்கும் விதத்தைக் கவனித்து, பிற்பாடு ராணுவத்துக்கு உருமறைப்புக் கலையைச் சொல்லிக்கொடுத்தவர். அவர் 1920இல் எழுதிய புத்தகத்தில் நல்ல மைதானத்துக்கு விதிகள் வகுத்திருக்கிறார். அதில் ஒன்று, கிரீனை நோக்கி அடிக்கும் அடிகளில் மறைவு முடிந்த அளவு குறைவாக இருக்க வேண்டும் என்பது. என் கட்சிதான். ஆனால் லஹிஞ்சில் அவர் எத்தனையோ குழிகளை மாற்றியும் க்ளோண்டைக்கும் டெல்லும் டாம் மாரிஸ் விட்டுப்போன இடத்திலேயே இருக்கின்றன. 1999இலிருந்து சில வருடங்கள் மார்ட்டின் ஹாட்ரீ என்ற வடிவமைப்பாளர் மைதானம் முழுக்க வேலை செய்தார். அவர் காலத்துக்குப் பிறகும் இரண்டும் இருக்கின்றன. 2019இல் ஐரிஷ் ஓபன் போட்டி இங்கே நடந்தது, ஸ்பெயினின் யோன் ராம் ஜெயித்தார். அதில் ஆடியவர்கள் எல்லாரும் அந்தக் கல்லைப் பார்த்துத்தான் அடித்தார்கள்.

மறைவுக் குழியை ஆதரிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம், அது முதல் தடவை மட்டும்தான் மறைவு, அப்புறம் பழகிவிடும் என்பது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆசிரியர் ஐம்பது வருடத்துக்கு மேல் அதை ஆடியிருக்கிறார். குன்றுக்கு அந்தப் பக்கம் எந்த இடத்தில் என்ன சரிவு என்று கண்ணை மூடிக்கொண்டு படம் வரைவார். அவருக்கும் பந்து விழுந்த இடம் அந்தத் திருப்பம் வரைக்கும் தெரியாது. நிலம் பழகிவிடும், பந்து பழகாது. முழங்கால் நன்றாக இருந்திருந்தால் அவரும் ஓடியிருப்பார் என்றுதான் அவர் சொன்னதை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்காக என் அபிப்பிராயம் முழுசாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பதினெட்டுக் குழியும் டெல் மாதிரி இருந்தால் நான் அங்கே போகவே மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆள் நிற்கலாம் என்கிற ஆபத்து இருக்கிறது. க்ளோண்டைக்கில் கொடி அசைக்க ஒரு மனிதர் நாள் முழுக்க நிற்பது அதனால்தான். நல்ல அடிக்குத் தண்டனையும் கெட்ட அடிக்குப் பரிசும் கிடைத்த அந்தக் காட்சியை இன்னும் என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அதே நாளில் எனக்கு ஒரு பர்டி, அதாவது பாரைவிட ஒரு அடி குறைவாக முடித்த குழி, கிடைத்தது. எந்தக் குழியில் என்று அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். டெல்லில் நடந்த அந்த நூற்று முப்பது யார்டு, எந்த அட்டையையும் பார்க்காமல், புல்லின் சத்தம் உட்பட ஞாபகம் இருக்கிறது. நியாயம்தான் எனக்கு வேண்டும் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கால்கள் வேறு எதையோ கேட்டன.

இரண்டு நாள் கழித்து பாலிபனியன் என்ற இன்னொரு கடலோர மைதானத்துக்குப் போனோம். கில்லிமரிலிருந்து டார்பர்ட்டுக்கு ஷானன் ஆற்றைப் படகில் கடக்க இருபது நிமிஷம், காரோடு ஏற்றிக்கொள்கிறார்கள். அங்கே முதல் டீக்கு வலது பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம். 1981இல் ஒரு தடவை வந்த அமெரிக்க ஆட்டக்காரர் டாம் வாட்சன் மறுபடி மறுபடி வந்து, 2000இல் அந்த கிளப்பின் கேப்டனாகவே இருந்த மைதானம் அது. அற்புதமான இடம், தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வந்தது ஒன்றுதான். அன்றைக்கு என் கண் கொடியைத் தேடவில்லை. எந்த மேட்டுக்குப் பின்னால் எதை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று மேடுகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். வட அயர்லாந்தின் நியூகாஸிலில் இருக்கும் ராயல் கவுன்டி டவுன் மைதானத்தில் டீயிலிருந்து அடிக்கும் பல அடிகளுக்கு மேட்டின்மேல் வெள்ளைக் கல்தான் அடையாளம் என்று படகில் நண்பன் சொன்னான். அடுத்த தடவை அங்கே போக வேண்டும் என்று நானே சொன்னபோது, அவன் ஒன்றும் சொல்லாமல் என் முதுகில் தட்டினான்.

எங்கடா பந்து

அவன் இப்போது கோடையில் மாதம் ஒரு தடவையாவது லஹிஞ்சுக்குப் போகிறான். ஒவ்வொரு தடவையும் டெல்லின் டீயில் ஏறியதும் எனக்கு ஒரு செய்தி வரும். ‘இன்னிக்கு கல்லு வலது ஓரம்.’ ‘இன்னிக்கு நடு.’ சண்டை அங்கிருந்து ஆரம்பிக்கும். அது அதிர்ஷ்டம், ஆட்டம் இல்லை என்பேன் நான். நீ ஏன் ஓடினே, அதைச் சொல் என்பான் அவன்.

போன ஜூனில் ஒரு நாள் ராத்திரி எட்டரை மணி இருக்கும், அங்கே சாயங்காலம் நாலு. படம் வந்தது. குன்று, கல், மேலே சாம்பல் நிற வானம். கல்லுக்குப் புதுசாக வெள்ளையடித்திருந்தார்கள். கீழே ஒரே வரி: ‘அடிச்சிட்டேன். நேரா மேல.’

‘எங்கடா பந்து?’ என்று கேட்டேன்.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்திருப்பான். இப்போது குன்றின் நிழலுக்குள் வந்திருப்பான், காற்று நின்றிருக்கும். நான் நாற்காலியைவிட்டு எழுந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் நடந்தேன். சோறு போட்டு வைத்துவிட்டு மனைவி இரண்டாவது தடவை கூப்பிட்டாள்.

“ஒரு நிமிஷம்மா” என்றேன். “அவன் இன்னும் திருப்பத்துக்கு வரல.”